ஈரலுக்குப் பரவிய பிறகும் சிகிச்சை உண்டு: மாமியோடு கிளினிக் போன காலம்

குடல் புற்றுநோய் வேறு உறுப்புக்குப் பரவிவிட்டது, நாலாம் கட்டம் என்று ரிப்போர்ட் வந்த வீட்டுக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒரு வகை முற்றத்திலேயே நின்று, குரலைத் தாழ்த்தி, "இனிச் செய்ய ஒண்டுமில்ல, மனிசியப் போட்டு வருத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போகும். மற்ற வகை கதிரையில் வசதியாக இருந்து, தேத்தண்ணி குடித்து, "இந்தியாவுக்குக் கொண்டு போங்க, அங்க இதெல்லாம் ஒரு வருத்தமே இல்ல" என்று சொல்லும். மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வகையும் வந்தன. ஒரு நாள் இரண்டும் ஒன்றாகவே வந்து, எங்களை விட்டுவிட்டுத் தங்களுக்குள் வாதாடின.

மாமியோடு, அதாவது மனைவியின் அம்மாவோடு, அலைந்த காலத்தில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். பரவிய குடல் புற்றுநோயில் ‘சுகமாக்கலாம்’, ‘ஒன்றும் செய்யேலாது’ என்ற இரண்டு முனைகளுக்கும் நடுவில்தான் பெரும்பாலான சிகிச்சை நடக்கிறது. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு நோக்கம் இருக்கிறது. அது என்ன என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால் பாதிச் சண்டை குறையும், காசும் மிஞ்சும். நான் வைத்தியன் இல்லை, ஹார்ட்வெயார் கடைக்காரன். இங்கே மருந்துப் பெயர்கள் வருவது, டொக்டர் அந்தப் பெயரைச் சொல்லும்போது நீங்கள் முழிக்காமல் இருப்பதற்காக.

மகள் இருக்க மருமகன் ஏன் என்று வெளியூர் ஆட்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். மனைவி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறா, மச்சான் கட்டாரில், மாமாவுக்குச் சீனி வருத்தமும் கண்பார்வைக் குறைவும். கொழும்பில் சில வருடம் வேலை செய்து சிங்களம் பழகியவன் என்பதால் ஆஸ்பத்திரி வேலை என் தலையில் வந்தது. மாமிக்கு அதுதான் பெரிய சங்கடம். மலத்தோடு இரத்தம் போவதை மாதக்கணக்கில் மகளிடமே சொல்லாத மனிசி, மருமகனுக்கு முன்னால் எப்படிச் சொல்வா? அது மூலவியாதி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், பாமசியில் களிம்பு வாங்கிப் பூசியிருக்கிறா. ஒரு நாள் மலச்சிக்கல், மறுநாள் வயிற்றோட்டம், சட்டை தொளதொளக்கிற அளவுக்கு மெலிவு. வயசு, வெயில், விரதம் என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. மலம் போகும் வழக்கம் சில வாரமாக மாறியிருந்தாலோ, இரத்தம் கலந்து போனாலோ, காரணம் தெரியாத இரத்தச்சோகை இருந்தாலோ, மூலம் இருக்கிறது என்பதற்காகக் குடலைக் கமரா விட்டுப் பார்க்காமல் இருக்கக்கூடாது. மூலமும் புற்றுநோயும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இருக்கலாம்.

2023 தொடக்கத்தில், மாமிக்கு 57 வயதில், ஒரு ராத்திரி வயிறு கல்லாகி, சத்தி நிற்காமல், காற்றுக்கூடப் பிரியாமல் போனது. அது குடல் அடைப்பு. அந்த நேரத்தில் பேதி மருந்து கொடுப்பதும், விடியட்டும் பார்ப்போம் என்று இருப்பதும் ஆளையே கொண்டுபோய்விடும். அவசர சத்திரசிகிச்சையில் இடப்பக்கக் குடலில் அடைத்திருந்த துண்டை வெட்டி எடுத்து, மேல் முனையை வயிற்றில் ஒரு வாயாகக் கொண்டுவந்து விட்டார்கள். மாமி கண் விழித்தபோது இடுப்புக்கு மேலே ஒரு பை ஒட்டியிருந்தது. சீ.டி. ஸ்கேனில் ஈரலின் இரண்டு பக்கமும் புள்ளிகள், நுரையீரலில் சின்னதாக இரண்டு.

மாமா ஒரே பிடியாக நின்றார்: "அவக்குச் சொல்லப்படாது. கட்டி எண்டு மட்டும் சொல்லுங்க." சரி என்று தலையாட்டினோம். அந்த ஏற்பாடு முதல் கிளினிக் வரைக்கும் தாங்கவில்லை. பஸ்ஸில் வரும்போது மாமி கிளினிக் கொப்பியை எடுத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, அட்டையில் இருந்த முத்திரையை நிதானமாக வாசித்தா. "மகன், புற்றுநோய்ப் பிரிவு எண்டெல்லா போட்டிருக்கு. கட்டிக்கு ஏன் இஞ்ச வாற?" நான் என்ன சொல்ல? அன்றோடு ஒளிப்பு முடிந்தது, எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. தனக்கு என்ன நோய் என்று தெரியாத ஆளிடம் ‘காய்ச்சல் வந்தால் உடனே சொல்லுங்கள், கை கால் விறைத்தால் சொல்லுங்கள்’ என்று எப்படிக் கேட்பது? கீமோவில் பாதி வேலை நோயாளிதான் செய்கிறார்.

பெரிய டொக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "இந்த மருந்து எதுக்கு டொக்டர்?" அவர் கோபிக்கவில்லை. ஒரு கடதாசியில் ஈரலைக் கீறிக் காட்டினார். குடலில் இருந்து வரும் இரத்தம் பெரும்பாலும் ஒரே நாளத்தின் வழியாக முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. அதனால் குடல் புற்றுநோய் பரவும்போது அதிகமாகப் போய்த் தங்கும் இடமும் ஈரல்தான். அங்கே தங்கினாலும் அது ஈரல் புற்றுநோய் ஆகிவிடாது. களுவாஞ்சிகுடி ஆள் கொழும்பில் போய்க் குடியிருந்தாலும் களுவாஞ்சிகுடி ஆள்தானே, அதுபோல ஈரலில் இருந்தாலும் அது குடல் புற்றுநோய்தான், கொடுப்பதும் குடலுக்கான மருந்துதான். இது தெரியாமல் ‘ஈரல் கான்சருக்கு’ மருந்து தேடி யூடியூப்பில் இரவிரவாக இருந்த ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார்.

பிறகு அவர் சொன்ன கணக்கு: முழுதாக அகற்றுவது ஒரு நோக்கம். இப்போது அகற்ற முடியாததை, அகற்றும் அளவுக்கு மருந்தால் சுருக்குவது இன்னொன்று. அதுவும் சரிவராவிட்டால் வளரவிடாமல் பிடித்து வைத்து, ஆள் நடமாடும் காலத்தை நீட்டுவது. நாலாவது, நோவையும் சத்தியையும் அடைப்பையும் தணிப்பது. இந்த நாலாவது கடைசியில் வருகிற ஒன்று என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அது முதல் நாளிலிருந்தே மற்ற மூன்றோடும் சேர்ந்து போக வேண்டும் என்றார்.

எந்தப் பாதை என்பதைப் புள்ளிகளின் எண்ணிக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. வெட்டிய பிறகு மீதி ஈரல் எவ்வளவு இருக்கும், அதற்கு இரத்தம் வந்து போகும் வழி இருக்குமா, ஈரலுக்கு வெளியே எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதையும் பார்க்கிறார்கள். ஈரல் மறுபடி வளரும் உறுப்பு. நல்ல ஈரலில் கால்பங்கு அளவு மீந்தாலே சமாளிக்கும், கீமோ வாங்கிய ஈரலுக்கு அதைவிடக் கூட வேண்டும். மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும் சில புள்ளிகளை வெட்டாமல் ஊசி விட்டு வெப்பத்தால் சுட்டும் எடுக்கிறார்கள். ஈரல் சத்திரசிகிச்சை தெரிந்த டொக்டரும் கீமோ டொக்டரும் ஸ்கேனை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டிய முடிவு இது. "ஈரல் ஒப்பரேசன் செய்கிற டொக்டர் ஒருவர் இந்த ஸ்கேனைப் பார்த்தாரா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பரவியவர்களில் இந்த வழி கிடைப்பது சிறுபான்மையினருக்குத்தான். கிடைத்து முழுதாக அகற்றப்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது அளவில் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். நாலாம் கட்டத்தில் இப்படி ஒரு கணக்கு இருப்பதே முற்றத்தில் நின்று கதைப்பவர்களுக்குத் தெரியாது.

அந்த வழி கிடைத்த ஒருவரை வாங்கில் பக்கத்தில் இருந்தே பார்த்தேன். அக்கரைப்பற்றுக் காக்கா ஒருவர், எங்களோடு அதே கிழமைகளில் வருவார். அவருக்கு ஈரலின் ஒரு பக்கம் மட்டும்தான் பரவியிருந்தது, குடலில் அடைப்பு இல்லை. குடல் கட்டியை அப்படியே விட்டுவிட்டு முதலில் கீமோ தொடங்கினார்கள். ‘குடலில் இருக்கிற கட்டியை வெட்டாமல் மருந்து கொடுக்கிறாங்களே’ என்று அவருடைய மனைவி அழாத நாளில்லை. அடைப்போ இரத்தப்போக்கோ இல்லாவிட்டால் பரவிய நிலையில் அவசரமாகக் குடலை வெட்டத் தேவையில்லை, உடம்பு முழுக்கப் போகும் மருந்துக்குத்தான் முதலிடம் என்று எனக்கும் அப்போதுதான் விளங்கியது. அவருக்குத் தோலுக்கு அடியில் போர்ட் என்ற, மருந்து ஏற்றும் சின்ன வாய் ஒன்றை வைத்து, ஃபைவ் எஃப்யூ என்ற மருந்தை 46 மணித்தியாலம் மெதுவாக இறங்கும் ஒரு சின்னப் பம்பில் ஏற்றினார்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தரம். சில மாதத்தில் புள்ளிகள் சுருங்க, கொழும்பில் ஈரல் ஒப்பரேசன். இப்போதும் செக்கப்புக்கு வருகிறார். மாமிக்கு இரண்டு பக்கமும், நுரையீரலிலும் இருந்ததால் மூன்றாவது வழி: பிடித்து வைப்பது.

மருந்து தொடங்குவதற்கு முன்பே பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரு பொருள் இருக்கிறது. வெட்டி எடுத்த கட்டியை மெழுகில் பதித்து ஒரு சின்னக் கட்டையாக வைத்திருப்பார்கள், ‘பிளொக்’ என்பார்கள். கட்டியின் மரபணுவைப் பார்க்கும் பரிசோதனைகளுக்கு அதுதான் வேண்டும். எந்த ஆய்வுகூடத்தில் எந்த இலக்கத்தில் இருக்கிறது என்பதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். பின்னால் தேடி அலைவது பெரும்பாடு.

இந்தப் பரிசோதனை ஏன் முக்கியம் என்பதற்கு எங்கள் வீட்டுக் கதையே போதும். கனடாவில் இருக்கும் மாமாவின் தம்பி, அங்கே யாருக்கோ செட்டக்ஸிமாப் என்ற ஊசி போட்டுச் சுகம் வந்தது என்று கேள்விப்பட்டு, "எவ்வளவு எண்டாலும் நான் அனுப்புறன், அதையே போடச் சொல்லுங்க" என்று நின்றார். நல்ல மனம்தான். மாமா காணி விற்கவும் ஆயத்தம். டொக்டர் ஒரே வசனத்தில் முடித்தார்: ராஸ் ரிப்போர்ட் வரட்டும். ராஸ் என்ற மரபணு மாறியிருந்தால் அந்த ஊசி வேலை செய்யாது, கெடுதலும் செய்யக்கூடும். பரவிய குடல் புற்றுநோயில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது மாறித்தான் இருக்கிறது. மாமியின் ரிப்போர்ட்டிலும் மாறியிருந்தது. காணி தப்பியது.

ராஸ் மாறாதவர்களுக்கு, முக்கியமாகக் கட்டி குடலின் இடப்பக்கத்தில் இருந்தால், அதே ஊசி நல்ல பலன் தரலாம். முகத்திலும் நெஞ்சிலும் பருப்போல் பொங்கும், அதற்கும் மருந்து உண்டு. இன்னொரு பரிசோதனை எம்எஸ்ஐ. கட்டியின் மரபணுவில் பிழை திருத்தும் வேலை கெட்டுப்போயிருக்கிறதா என்று அது காட்டும். பரவியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குத்தான் அது ‘உயர்’ என்று வரும். ஆனால் வந்தால் கதையே வேறு: கீமோவுக்குப் பதிலாக, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே எழுப்பிவிடும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற ஊசிகள் பல வருடம் பிடித்து நிற்கக்கூடியவை. 2020இல் அமெரிக்காவில் அதை முதல் சிகிச்சையாகவே அனுமதித்தார்கள். விலை எங்களைப் போன்றவர்களின் தலைக்கு மேல். இருந்தும் அந்த ஐந்து பேரில் ஒருவரா என்று தெரிந்துகொண்டபின் காசைப் பற்றி யோசிக்கலாம். மூன்றாவது பி-ராஃப் என்ற இன்னொரு மரபணு. அது மாறியிருந்தால் நோய் வேகமானது, அதற்கும் தனி மாத்திரை வந்திருக்கிறது. பெவாசிசுமாப் என்ற ஊசிக்கு இந்தப் பரிசோதனைகள் தேவையில்லை. கட்டிக்குப் புது இரத்தக்குழாய் முளைப்பதைத் தடுப்பது அதன் வேலை. கீமோவோடு சேர்த்துக் கொடுத்தால் காலம் கொஞ்சம் நீளலாம். பிரஷரைக் கூட்டும், காயம் ஆறுவதைத் தாமதிக்கும், ஒப்பரேசனுக்குக் குறைந்தது நாலு கிழமைக்கு முன்பே நிறுத்த வேண்டும். மாமிக்கு அது சில தரம்தான் கிடைத்தது.

இந்தியா பற்றியும் சொல்லிவிடுகிறேன். கீமோவின் அடிப்படை மருந்து மட்டக்களப்பிலும் சென்னையிலும் ஒன்றுதான். ஃபைவ் எஃப்யூ 1957இல் உருவானது, மாமி பிறக்க முதலே இருந்தது. எங்களுக்குக் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிதான் உடனே நினைவுக்கு வருகிறது, அங்கே போவதற்கே மனம் சோர்ந்துவிடுகிறது. ஆனால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. வீட்டிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டினால் ஆஸ்பத்திரி. வேலூரோ அடையாறோ போகத்தான் வேண்டும் என்று நினைப்பவர்கள், ஆளைக் கொண்டு போவதற்கு முதல் ரிப்போர்ட்டுகளையும் ஸ்கேன் சீடியையும் அனுப்பி, ‘எங்களுக்குக் கிடைக்காத எந்தச் சிகிச்சை உங்களிடம் இருக்கிறது’ என்று கேளுங்கள். ஈரல் வெட்டுவது, இங்கே கிடைக்காத ஊசி என்று திட்டவட்டமான பதில் வந்தால் போவதில் அர்த்தம் உண்டு. எங்களுக்கு வந்த பதில், இப்போது நடப்பதையே தொடருங்கள் என்பது.

மாமிக்குக் கொடுத்தது, சேலைன்போல் ஏற்றும் ஒக்ஸாலிபிளாட்டினும் கெப்பசிட்டபின் மாத்திரையும். ஏற்றுவது மூன்று கிழமைக்கு ஒரு தரம். மாத்திரை 14 நாள் காலை, இரவு. பிறகு ஏழு நாள் ஓய்வு. சாப்பிட்டு அரை மணிக்குள் விழுங்க வேண்டும். வெறும் மாத்திரைதானே, ஊசி இல்லையே என்று லேசாக நினைக்காதீர்கள், இதுவும் முழுக் கீமோதான். மாமிக்கு இடப்பட்ட பெரிய விதி, எந்த மாத்திரையும் கேட்காமல் சேர்க்கக்கூடாது என்பது. சுவிஸிலிருந்து உறவுக்காரப் பிள்ளை சத்து மாத்திரை ஒரு பெட்டி அனுப்பியிருந்தா. போத்தலைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதில் போலிக் அசிட் இருந்தது. அது இந்த மருந்தின் நச்சைக் கூட்டும் என்று நர்ஸ் மிஸ் எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டா. காட்டு அன்னமுன்னா (முள்சீத்தா) இலைக் கசாயமும் அப்படித்தான் வந்தது. அது கட்டியைக் கரைக்கும் என்பதற்கு மனிதரில் செய்த சோதனையில் ஆதாரம் இல்லை. கொண்டுவந்தவர் அன்பாகக் கொண்டுவந்தார், அதனால் வாங்கி, நன்றி சொல்லி, வாழையடியில் ஊற்றினோம். நேர்த்திக்கடன் வைத்தவர்களைத் தடுக்கவில்லை. மண்டூருக்கும் மாமாங்கத்துக்கும் போய் வந்த நாட்களில் மாமி நன்றாக நித்திரை கொண்டா, அதற்கு என்ன குறை?

ஒக்ஸாலிபிளாட்டினின் குணம் குளிருக்கு ஆகாதது. மருந்து ஏறிய பிறகு சில நாள் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரலில் மின்சாரம் பிடித்ததுபோல் இருக்கும், குளிர்ந்தது குடித்தால் தொண்டை இறுகும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. கோயில் வாசலில் தாகசாந்திப் பந்தல், ஐஸ் போட்ட சர்பத். வெயிலில் நடந்து வந்த மாமி ஒரு மிடறு விழுங்கினா. அப்படியே தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டா, மூச்சு வராத மாதிரி. சனம் கூடி, ஒருவர் தெய்வம் வந்திட்டு என்கிறார், இன்னொருவர் ஹார்ட் அற்றாக் என்கிறார். மனைவி சுடுதண்ணிப் போத்தலை நீட்டி, மெதுவாக மூச்சு விடச் சொல்ல, சில நிமிடத்தில் சரியாகிவிட்டது. மூச்சுக்குழாய் உண்மையில் அடைபடுவதில்லை, அடைபடுவது போன்ற உணர்வு அது. ஆனால் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே மூச்சு முட்டினால், தடிப்பு போட்டால், அது ஒவ்வாமையாக இருக்கலாம், உடனே மிஸ்ஸைக் கூப்பிட வேண்டும். அந்தக் கிழமையில் பிரிட்ஜுக்குள் மாமி கை வைக்காமல் பார்த்துக்கொண்டோம். ஏசி பஸ்ஸில் போக வேண்டி வந்தால் காலுறையும் சால்வையும் கட்டாயம்.

மாத்திரையின் குணம் வேறு. உள்ளங்கையும் பாதமும் சிவந்து, எரிந்து, தோல் உரியும். தேங்காய் திருவுவது, உரல் இடிப்பது, சுடுதண்ணியில் சட்டி கழுவுவது எல்லாவற்றையும் நிறுத்தி, கை காலுக்கு யூரியா கிரீம் பூச வேண்டியிருந்தது. மாமிக்கு வேலை செய்யாமல் இருப்பதுதான் பெரிய வருத்தம். கடவுச்சீட்டு எடுக்கப் போன இடத்தில் மெசினில் கைரேகை விழவேயில்லை, தேய்ந்து போயிருந்தது. இந்த மருந்துக்கு அப்படி நடக்கும் என்பது உலகம் அறிந்த விஷயம். டொக்டரின் கடிதம் கையில் இருப்பது நல்லது.

காய்ச்சலைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் காய்ச்சல் என்றால் டெங்கு நினைப்புத்தான். பனடோல் போட்டு, மூன்றாம் நாள் இரத்தம் சோதிப்போம் என்று இருப்போம். கீமோ ஆளுக்கு அந்த வழக்கம் ஆகாது. 38 பாகை செல்சியஸ் காட்டினால் அந்த மணித்தியாலமே ஆஸ்பத்திரி, இரவு இரண்டு மணியானாலும். வெள்ளணுக்கள் குறைந்த நேரத்தில் வரும் தொற்று ஒரு நாளுக்குள் ஆளை விழுத்திவிடும். வெப்பமானி ஒன்று வீட்டில் இருக்கட்டும். வாட்டில் சேரும்போது முதல் சொல்ல வேண்டிய சொல் ‘கீமோ’, கடைசி மருந்து ஏறிய திகதியையும் அதோடு சொல்லுங்கள். வயிற்றோட்டமும் அப்படித்தான். வழக்கத்தை விட நாலு தரம் கூடுதலாகப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அழைக்கச் சொல்லியிருந்தார்கள். மாமியிடம் பை இருந்ததால், ஒரு நாளில் எத்தனை தரம் பையைக் காலி செய்தா என்பதே எங்கள் கணக்கு.

பை பற்றி ஒருவரும் விரிவாகச் சொல்லித் தருவதில்லை, அதனால் எழுதுகிறேன். குடல் வாய் சிவப்பாக, ஈரமாக இருந்தால் நல்லது. கறுத்தால் ஆபத்து, உடனே காட்ட வேண்டும். அதைத் தொட்டால் நோகாது. ஒட்டும் தட்டில் வெட்டும் துளை வாயின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும், பெரிதாக வெட்டினால் மலம் தோலில் பட்டுப் புண்ணாகும். ஒப்பரேசன் முடிந்த சில கிழமையில் வாய் வற்றிச் சிறுக்கும், பழைய அளவிலேயே வெட்டிக்கொண்டிருக்கக்கூடாது. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்தால் பாரத்தில் கழலாது. எங்கள் வெக்கைக்கு வியர்வையில் ஒட்டு சீக்கிரம் விடும். தோலை நன்றாக உலர்த்தி, எண்ணெய் படாமல் ஒட்ட வேண்டும். கோவா, பருப்பு, முட்டை சாப்பிட்ட நாளில் காற்றும் மணமும் கூடும், அதற்காகச் சாப்பாட்டையே விடத் தேவையில்லை. முதல் மாதம் மாமி மகளைத் தவிர ஒருவரையும் கிட்ட விடவில்லை. மகள் பள்ளிக்கூடம் போன ஒரு காலையில் பை கழன்றுவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்று, "மகன், அந்தக் கத்தரிக்கோலையும் புதுத் தட்டையும் மட்டும் நீட்டுங்க" என்றா. நீட்டினேன். சில கிழமைக்குப் பிறகு கதவு திறந்தே இருந்தது. துளை வெட்டிக் கொடுப்பது என் வேலையாகிவிட்டது. ஹார்ட்வெயார்காரன், அளவு பிசகாது.

காசு விஷயம் சுருக்கமாக. அரச ஆஸ்பத்திரியில் கீமோ இலவசம். அந்தக் காலம் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு, இல்லாததை வெளியே வாங்க வேண்டியிருந்தது. மருந்துத் துண்டைக் கையில் எடுத்தவுடன் வாங்கப் போகாமல், அதே மருந்தின் விலை குறைந்த வேறு கம்பனித் தயாரிப்பு சரியா என்று டொக்டரிடம் கேட்டுவிட்டு, இரண்டு மூன்று இடத்தில் விலை விசாரியுங்கள். ஜனாதிபதி நிதியத்துக்கு இப்போது பிரதேச செயலகம் ஊடாகவே விண்ணப்பிக்கலாம். அங்கேயே சமூக சேவை உத்தியோகத்தரையும் சந்தித்துவிட்டு வாருங்கள். பைகளின் செலவு ஓயாத செலவு, அதையும் கணக்கில் எடுங்கள்.

ஸ்கேனில் புள்ளிகள் சுருங்கின, சீஈஏ என்ற இரத்தப் பரிசோதனை எண்ணும் இறங்கியது. அந்த எண்ணைப் பார்த்துச் சந்தோசப்படுவதும் பயப்படுவதும் வீட்டில் ஒரு நோயாகவே ஆகிவிட்டது. ஒரு தரத்து எண்ணை வைத்து ஒன்றும் முடிவெடுப்பதில்லை, போகும் திசையைத்தான் பார்க்கிறோம் என்று டொக்டர் சொன்ன பிறகும் மாமா அதைக் கலண்டரில் குறித்துக்கொண்டே இருந்தார். விரல் விறைப்பு நிரந்தரமாகி, சட்டைப் பொத்தான் போட முடியாத நிலை வருவதற்கு முதல் ஒக்ஸாலிபிளாட்டினை நிறுத்தி, மாத்திரையை மட்டும் தொடர்ந்தார்கள். அதுவும் சிகிச்சைதான், கைவிட்டதாக அர்த்தம் இல்லை. அந்த மாதங்கள் நல்ல மாதங்கள். மாமி சமைத்தா, மகளோடு சண்டை பிடித்தா, பேரப்பிள்ளையின் ஏடு தொடக்கலுக்குச் சேலை உடுத்தா.

‘எவ்வளவு காலம்’ என்று எல்லாரும் கேட்கிறார்கள். இன்றைய மருந்துகளோடு, வெட்ட முடியாத நிலையில், நடுமட்டக் கணக்கு இரண்டு, இரண்டரை வருடம் என்று சொல்வார்கள். நடுமட்டம் என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டுகிறார்கள், பாதிப் பேர் அதற்குள் போய்விடுகிறார்கள். தனி ஆளுக்கு அது திகதி ஆகாது. ஆனால் கடனும் காணியும் பயணமும் தீர்மானிக்கிற வீட்டுக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு ஈரலில் புதுப் புள்ளிகள் வந்தன. ஐரினோடீக்கன் என்ற அடுத்த மருந்து. தலைமயிர் கொட்டியது, வயிற்றோட்டம் கடுமை. முதல் ஸ்கேனிலேயே பலன் இல்லை என்று தெரிந்தது. அதற்கு அடுத்த மாத்திரைகளும் இருந்தன, அவை சராசரியாகக் கூட்டித் தருவது சில மாதங்கள்தான். டொக்டர் அதை மறைக்காமல் சொன்னார். இந்த முறை கேட்டது மாமி: "இது எதுக்கு டொக்டர்? நான் எழும்பி நடக்கவா, கட்டிலில கிடக்கவா?" கேட்டுவிட்டு, வேண்டாம் என்றா. மச்சான் கட்டாரிலிருந்து வீடியோவில் அழுதான். மாமி அவனுக்குச் சொன்னது, "நீ லீவு எடுத்து வா, அது போதும்." வந்தான்.

நிறுத்தியது கீமோவை மட்டும்தான். நோவுக்கு மோர்பின் மாத்திரை தொடங்கினார்கள். மோர்பின் என்றால் முடிவு, கொடுத்தால் ஆள் போய்விடும் என்று ஊரில் ஒரு கதை. மாமி மோர்பினோடு மாதக்கணக்கில் இருந்து கதைத்தா, தயிர் சாப்பிட்டா. நோவு வரும் வரை காத்திராமல் டொக்டர் எழுதித் தந்த நேரத்துக்குத் தவறாமல் கொடுக்க வேண்டும், இடையில் நோவு எழும்பினால் கொடுக்க ஒரு தனி அளவு எழுதித் தருவார்கள். மலச்சிக்கலுக்கான மருந்தையும் முதல் நாளே சேர்த்துக் கேளுங்கள், மோர்பின் வாங்கும் பெரும்பாலானவர்களுக்கு அது வரும். ஈரல் வீங்கி இழுக்கும் நோவுக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுத்தார்கள், பசியும் கொஞ்சம் வந்தது. வீட்டிலேயே, நோவில்லாமல் போனா. மிஞ்சிய மோர்பினை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்தோம். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதை வைத்திருக்கக்கூடாது.

மாமியின் எம்எஸ்ஐ ரிப்போர்ட் சாதாரணமாக இருந்ததால் பரம்பரை வகையாக இருக்கும் சந்தேகம் குறைவு. அப்படியிருந்தும் பெற்றோர், சகோதரர், பிள்ளைகளில் ஒருவருக்கு இந்த நோய் வந்திருந்தால் மற்றவர்கள் 40 வயதில், அல்லது நோய் வந்தவரின் வயதுக்குப் பத்து வருடம் முன்னால், இரண்டில் எது முந்தியோ அப்போது, குடல் கமராப் பரிசோதனை தொடங்க வேண்டும். மனைவிக்கு இன்னும் சில வருடம் இருக்கிறது, மச்சானுக்கு அடுத்த லீவில். மாமியின் தங்கச்சி போன மாதம் செய்தா. பரிசோதனையை விட முதல் நாள் குடிக்கிற பேதி மருந்துதான் கொடுமை என்றா, கிணற்றடிக்கும் வீட்டுக்குமாக நடந்தே இரவு முடிந்ததாம். பொலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சி இரண்டு இருந்தது, கமராவிலேயே எடுத்துவிட்டார்கள். மாமியின் தம்பி வெள்ளாமை வெட்டு முடியட்டும் என்கிறார். வெட்டு முடியும் கிழமைக்குத் திகதி எடுத்து, அவருடைய மனைவியிடம் துண்டைக் கொடுத்து வைத்திருக்கிறோம்.